சிரிப்பின் உரிமையாளர்

நம்மைச் சிரிக்க வைப்பவர்களை நாம் பெரிதும் விரும்புகிறோம். ஆனால், அவர்களைப் பற்றி ஆழ்ந்து எண்ணிப் பார்ப்பதில்லை. அழ வைத்த நடிகையைச் சிறந்த கலைஞர் என்கிறோம். சிரிக்க வைத்த நடிகையைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். இது எந்த ஒரு நாட்டுக்கும் மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் திங்கட்கிழமை இரவுதோறும் கோடிக்கணக்கானவர்களைப் பெட்டியின் முன் கட்டிப்போட்ட லூசில் பாலுக்கும் இதுவே நேர்ந்தது.

அவரைப் பற்றி இன்று இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று, சாக்லேட் தொழிற்சாலையில் வேலை பிடிபடாமல் உருண்டைகளை வாயிலும் தொப்பியிலும் திணித்துக்கொண்ட அந்தச் செம்பட்டை முடிக்காரி என்பது. மற்றொன்று, ஹாலிவுட்டில் ஒரு பெரிய படப்பிடிப்பு நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்திய பெண்மணி என்பது. முதல் பேச்சில் அவர் கோமாளி, இரண்டாவதில் வீராங்கனை. இரண்டும் யாரோ இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் பற்றியவை போலவே எழுதப்படுகின்றன.

எனக்கு இந்தப் பிரிவினையில் உடன்பாடு இல்லை. லூசில் பால் சிரிப்பை ஓர் உழைப்பாக மதித்தார். உழைப்பு என்று மதித்ததனால்தான், அதன் பலன் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வியும் அவருடைய வாழ்க்கையில் எழுந்தது. கோமாளியும் முதலாளியும் ஒரே ஆள்தான் என்பதே இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்பும் கருத்து. அதே வேளையில், அவரைக் குறையே இல்லாத தெய்வமாக்கவும் நான் விரும்பவில்லை.

இருபது ஆண்டுக் காத்திருப்பு

லூசில் பால் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது, தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய தந்தை குடற்காய்ச்சலால் இறந்தார். அருகிலுள்ள செலரான் என்னும் சிற்றூரில் தாத்தா பாட்டியின் ஆதரவில் வளர்ந்தார். பதினைந்து வயதில் நியூயார்க் நகரிலிருந்த ஒரு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்குச் சிறந்த மாணவியாகத் திகழ்ந்தவர் பின்னாளில் புகழ்பெற்ற பெட்டி டேவிஸ். லூசிலுக்கோ, இவரைப் படிக்க வைப்பது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு என்ற செய்திதான் பள்ளியிலிருந்து தாயாருக்குச் சென்றது.

பிறகு ஆடை விளம்பர மாடலாக வேலை பார்த்தார். 1933இல் 'ரோமன் ஸ்கேண்டல்ஸ்' என்ற படத்தில் ஆடற்பெண்கள் கூட்டத்தில் ஒருத்தியாக ஹாலிவுட்டில் நுழைந்தார். ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் ஒப்பந்த நடிகையாகச் சேர்ந்து, சிறு வேடங்களில் தொடங்கிப் படிப்படியாக முன்னேறினார். 1937இல் வெளிவந்த 'ஸ்டேஜ் டோர்' படத்தில் கேத்தரின் ஹெப்பர்ன், ஜிஞ்சர் ரோஜர்ஸ் ஆகியோருடன் நடித்தார். 1942இல் ஹென்றி ஃபோண்டாவுடன் நடித்த 'தி பிக் ஸ்ட்ரீட்' அவருக்கு நல்ல பெயரைத் தேடித் தந்தது. ஆயினும், முதல் வரிசை நட்சத்திரமாக அவர் உயரவே இல்லை. குறைந்த செலவில் எடுக்கப்படும் இரண்டாந்தரப் படங்களின் அரசி என்றே அவரை அழைத்தார்கள். அந்தப் பட்டத்தில் பாராட்டை விடக் கேலியே மிகுதி.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? திறமை இருந்தால் ஒரு நாள் தானாகவே வெளிப்படும் என்று மேடைகளில் பேசுகிறோம். லூசில் பாலின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அவருடைய திறமை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பல இயக்குநர்களின் கண்ணெதிரிலேயே கிடந்தது. அழகிய முகத்தைப் பார்த்தவர்கள், அந்த முகம் கோணினால் என்ன நடக்கும் என்று பார்க்க நினைக்கவில்லை. 1948இல் சி.பி.எஸ். வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற நகைச்சுவைத் தொடரில் குரல் கொடுத்தபோதுதான் அவருக்கு உரிய வடிவம் கிடைத்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பார்வையாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களின் சிரிப்பு காதில் விழ விழ, அவருடைய நடிப்பும் விரிந்தது. அந்த வானொலித் தொடரை எழுதிய ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல் ஆகிய மூவரும் பின்னர் அவருடன் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பது வயது என்பது அன்றைய ஹாலிவுட்டில் ஒரு நடிகைக்கு முடிவுரை எழுதும் வயது.

கணவரும் நடிக்க வேண்டும் என்ற நிபந்தனை

வானொலித் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சி.பி.எஸ். விரும்பியது. லூசில் பால் ஒரு நிபந்தனை விதித்தார். தொடரில் தம் கணவராக, தம் உண்மைக் கணவர் டெசி ஆர்னாஸே நடிக்க வேண்டும் என்றார்.

டெசி 1917இல் கியூபாவின் சாந்தியாகோ நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை அந்நகரின் மேயராக இருந்தவர். 1933ஆம் ஆண்டுப் புரட்சியில் குடும்பம் எல்லாவற்றையும் இழந்தது. அமெரிக்காவின் மயாமி நகருக்கு வந்த இளைஞர் டெசி, கேனரிப் பறவைகளின் கூண்டுகளைக் கழுவிப் பிழைத்தார். பின்னர் இசைக்குழுத் தலைவராக உயர்ந்தார். இருவரும் 1940இல் ஒரு படப்பிடிப்பில் சந்தித்து, அவ்வாண்டு நவம்பரிலேயே மணந்துகொண்டனர். டெசி இசைக்குழுவுடன் ஊர் ஊராகச் செல்வார். லூசில் ஹாலிவுட்டில் இருப்பார். இல்லறம் தள்ளாடியது. இருவரும் ஒரே ஊரில், ஒரே வேலையில் இருந்தால் குடும்பம் நிலைக்கும் என்பதே அந்த நிபந்தனையின் பின்னணி.

ஓர் அமெரிக்கப் பெண்ணுக்குக் கியூபாக்காரர் கணவர் என்றால் மக்கள் நம்ப மாட்டார்கள் என்று நிறுவனத்தார் தயங்கினர். அந்த இருவரும் பத்தாண்டுகளாகக் கணவன் மனைவியாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை எண்ணினால் இந்தத் தயக்கத்தின் அபத்தம் விளங்கும். தம்பதியர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1950இல் ஒரு மேடை நிகழ்ச்சியை உருவாக்கி ஊர் ஊராகச் சென்று நடத்தினார்கள். மக்கள் சிரித்தார்கள். நிறுவனத்தார் இறங்கி வந்தார்கள். 1951ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் 'ஐ லவ் லூசி' முதன்முதலில் ஒளிபரப்பாயிற்று.

சம்பளமா, படச்சுருளா?

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது.

அக்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. மற்ற வட்டாரங்களுக்குத் தொலைக்காட்சித் திரையையே படக்கருவியால் படம் பிடித்து அனுப்புவார்கள். அந்தப் படம் மங்கலாக இருக்கும். தொடரின் புரவலரான ஃபிலிப் மோரிஸ் புகையிலை நிறுவனம், மக்கள் தொகை மிகுந்த கிழக்குப் பகுதியில் மங்கலான படம் தெரிவதை விரும்பவில்லை. தம்பதியர் நியூயார்க்கிற்கு வர வேண்டும் என்றது. தம்பதியரோ ஹாலிவுட்டை விட்டு நகர விரும்பவில்லை. திரைப்படம் போல 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்தால் நாடு முழுவதும் ஒரே தரத்தில் காட்டலாம் என்பது முடிவாயிற்று. ஆனால் செலவு கூடும். அதை யார் ஏற்பது?

வாரத்திற்கு 1000 டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள டெசியும் லூசிலும் இசைந்தார்கள். அதற்கு ஈடாக, எடுக்கப்படும் படங்கள் தங்கள் நிறுவனமான டெசிலுவுக்கே சொந்தம் என்று கேட்டார்கள். நிறுவனத்தார் எளிதில் ஒப்புக்கொண்டனர். ஒரு முறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை மறுபடியும் யார் பார்ப்பார்கள் என்பது அன்றைய எண்ணம். நேற்றைய நாளிதழைப் போல அதற்கு மதிப்பே இல்லை என்று கருதினார்கள்.

அந்தத் 'நேற்றைய நாளிதழ்'தான் பொன்னாயிற்று. தெளிவான படச்சுருளில் 180 பகுதிகள் சேர்ந்தன. 1950களின் பிற்பகுதியில் அவற்றின் உரிமையை சி.பி.எஸ். 4 மில்லியன் டாலருக்கும் மேல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அப்பணத்தின் துணையோடு டெசிலு என்ன வாங்கியது தெரியுமா? லூசில் பால் ஒப்பந்த நடிகையாகச் சிறு வேடங்களுக்குக் காத்துக்கிடந்த அதே ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் படப்பிடிப்பு வளாகங்களை. விலை 6 மில்லியன் டாலருக்கும் மேல்.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லக்கூடும். மறுஒளிபரப்பின் எதிர்காலத்தை அவர்களும் முழுமையாக அறிந்திருக்கவில்லை என்பது உண்மையே. அறிந்திருந்தால் 1950களிலேயே உரிமையை விற்றிருக்க மாட்டார்கள். அதன்பின் வந்த நீண்டகால வருமானம் சி.பி.எஸ்.ஸுக்கே போனது. ஆனால், கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அது அதிர்ஷ்டம் அன்று. கூலி மட்டும் பெறுபவருக்கும் தாம் செய்த பொருளைத் தமதாக வைத்துக்கொள்பவருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். வணிகப் பேச்சுகளைப் பெரும்பாலும் முன்னின்று நடத்தியவர் டெசி என்பதையும் இங்குக் கூற வேண்டும். லூசில் பாலைப் புகழ்வதற்காக டெசியை மறைப்பது நியாயமன்று. டெசியைப் புகழ்வதற்காக லூசிலை வெறும் முகமாக்குவதும் நியாயமன்று. வானொலியில் பெயர் பெற்று, சி.பி.எஸ். விட்டுவிட விரும்பாத நடிகையாக லூசில் இருந்திராவிட்டால் பேச்சுவார்த்தையே நடந்திருக்காது.

சிரிப்பும் ஓர் உழைப்பே

'ஐ லவ் லூசி' மூன்று படக்கருவிகளைக் கொண்டு, சுமார் 300 பார்வையாளர்களின் முன்னிலையில் நாடகம் போல எடுக்கப்பட்டது. பல கருவிகளைக் கொண்டு படம் பிடிப்பது அதற்கு முன்பும் முயன்று பார்க்கப்பட்டதுதான். ஆனால், அதை ஒழுங்கான முறையாக்கிப் பிற்காலச் சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்களுக்கெல்லாம் வழிகாட்டியது இத்தொடரே. ஒளிப்பதிவுக்கு அமர்த்தப்பட்டவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். 'தி குட் எர்த்' படத்திற்காக ஆஸ்கார் பெற்றவர். மூன்று கருவிகளும் ஒரே நேரத்தில் இயங்கும்போது ஒளியை ஒவ்வொரு காட்சிக்கும் மாற்றி அமைக்க முடியாது. மேடை முழுவதும் மேலிருந்து சீராக ஒளி படும் முறையை அவர் வகுத்துத் தந்தார். ஒரு நகைச்சுவைத் தொடருக்கு இப்படிப்பட்ட மேதை எதற்கு என்று எண்ணுபவர்களுக்கு அத்தொடரின் படத்தெளிவே விடை.

லூசில் பாலின் சேட்டைகள் அந்நேரத்தில் தோன்றியவை போலவே தெரியும். உண்மை அப்படியன்று. அசைவுகள் பெரும்பாலும் எழுத்தாளர்களால் முன்னமே எழுதப்பட்டவை. மேடலின் பியூ கடினமான சேட்டைகளைத் தாமே செய்து பார்த்து, ஒரு பெண்ணால் இதைச் செய்ய முடியும் என்று உறுதி செய்துகொண்ட பிறகே எழுதிக் கொடுப்பாராம். பிறகு லூசில் பால் வார நாள்களில் ஒத்திகை பார்ப்பார். கையில் எடுக்கும் பொருள், அது இருக்கும் இடம், திரும்பும் கோணம் என எல்லாம் பழகிப் போகும்வரை விடமாட்டார். தாம் இயல்பிலேயே வேடிக்கையானவர் அல்லர் என்றும், வேடிக்கை எழுத்தாளர்களுடையது என்றும் அவர் பேட்டிகளில் சொல்லி வந்தார். இது அடக்கம் மட்டுமன்று. தம் தொழிலை அறிந்தவரின் பேச்சு.

1952இல் வந்த சத்துமருந்து விளம்பரக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மருந்தில் மதுச்சத்து கலந்திருப்பது அவளுக்குத் தெரியாது. ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி குடிக்கிறாள். வசனம் ஒன்றுதான், ஒவ்வொரு முறையும் நாக்கு சிறிது கூடுதலாகக் குழறுகிறது. இந்தப் படிநிலைகளில் ஒன்று முந்தினாலும் சிரிப்பு கெட்டுவிடும். சோக நடிப்பில் ஒரு துளிக் கண்ணீர் தாமதமாக விழுந்தால் நாம் பொறுத்துக்கொள்வோம். சிரிப்பில் அந்தச் சலுகை இல்லை. நகைச்சுவை நடிப்பு எளிது என்று யாரேனும் சொன்னால், இந்தக் காட்சியை ஒரு முறை பார்க்கச் சொல்லலாம்.

திரையில் ஒருத்தி, வெளியே ஒருவர்

இனி, எனக்கு நெருடலாக இருப்பதையும் சொல்ல வேண்டும்.

தொடரில் லூசி ரிக்கார்டோ ஓர் இல்லத்தரசி. அவளுடைய தீராத ஆசை கணவனைப் போல மேடையேற வேண்டும், சம்பாதிக்க வேண்டும் என்பது. வாரந்தோறும் முயல்வாள், வாரந்தோறும் தோற்பாள், முடிவில் வீட்டுக்கே திரும்புவாள். 1952ஆம் ஆண்டுச் சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி இடம்பெறும் கதையே இதற்குச் சான்று. கணவன்மார் சமையலறைக்கும் மனைவிமார் வேலைக்கும் போகிறார்கள். இரு தரப்பும் தோற்று, அவரவர் பழைய இடத்துக்கே போய்விடுவோம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். பெண் வேலைக்குப் போனால் குழப்பம்தான் என்று கோடிக்கணக்கானவர்களுக்குச் சொன்னவர், அதே நேரத்தில் அமெரிக்காவிலேயே மிகுதியாகச் சம்பாதித்த பெண்களுள் ஒருவர்!

இதைக் கபட நாடகம் என்று ஒதுக்கிவிடலாமா? நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். லூசி ஒவ்வொரு முறையும் தோற்றாலும், அடுத்த வாரம் மீண்டும் முயல்வாள். பார்வையாளர்களின் மனம் அவளுடைய முயற்சியின் பக்கமே இருந்தது. ஆயினும், இதற்கு முழு மன்னிப்பும் வழங்க இயலாது. ஆணின் கோபத்துக்கு அஞ்சிப் பெண் பொய் சொல்வதும், கணவன் அவளைக் குழந்தையைப் போலத் தண்டிப்பதும் அத்தொடரில் சிரிப்பாக வந்து போகின்றன. இன்று பார்க்கும்போது அந்த இடங்களில் சிரிப்பு வரவில்லை. காலத்தின் எல்லைகளை அவர் தள்ளிப் பார்த்தார், உடைக்கவில்லை. அவ்வளவே சொல்லலாம்.

தள்ளிப் பார்த்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு அவருடைய கருத்தரிப்பு. 1952இல் அவர் மீண்டும் கருவுற்றபோது, அதை மறைக்காமல் கதையிலேயே சேர்த்தார்கள். கருவுற்றவர் என்பதற்குரிய நேரடியான ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்த சி.பி.எஸ். அனுமதிக்கவில்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்டு போதகர், ஒரு யூத மதகுரு ஆகிய மூவரும் கதைவசனத்தைப் பார்வையிட்டார்கள். 1953ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் தொடரில் லூசிக்கு மகன் பிறந்தான். அதே நாளில் அறுவைச் சிகிச்சையின் வழி லூசில் பாலுக்கும் மகன் பிறந்தான். அந்தப் பகுதியைப் பார்த்தவர்கள் சுமார் 44 மில்லியன் பேர். மறுநாள் அதிபர் ஐசன்ஹோவர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் சுமார் 29 மில்லியன் பேர்தாம்.

யாருக்கு மன்னிப்பு?

அதே 1953ஆம் ஆண்டு செப்டம்பரில் புயல் ஒன்று வீசியது. அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை உச்சத்தில் இருந்த காலம் அது. 1936இல் லூசில் பால் கம்யூனிஸ்டுக் கட்சி வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட செய்தி வெளியே வந்தது. சமதர்மக் கொள்கையில் பற்றுக்கொண்ட தாத்தாவின் மனம் கோணாதிருக்கவே அப்படிச் செய்ததாக அவர் விசாரணைக் குழுவினரிடம் விளக்கினார். படப்பிடிப்புக்கு வந்திருந்த பார்வையாளர்களின் முன் டெசி உருக்கமாகப் பேசினார். லூசிலிடம் சிவப்பாக இருப்பது முடி ஒன்றுதான், அதுவும் சாயம் என்று வேடிக்கையாகச் சொல்லி முடித்தார். கூட்டம் எழுந்து கைதட்டியது. புயல் ஓய்ந்தது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் மகிழ்ச்சியான முடிவாகவே எழுதுகிறார்கள். எனக்கு வேறொருவரும் நினைவுக்கு வருகிறார். 'தி கோல்ட்பெர்க்ஸ்' என்ற புகழ்பெற்ற தொடரில் தந்தையாக நடித்த ஃபிலிப் லோப், இதே போன்ற சந்தேகத்தின் பேரில் வேலையை இழந்தார். தொடரின் படைப்பாளியும் நாயகியுமான கெர்ட்ரூட் பெர்க் அவருக்காக நின்றும் காப்பாற்ற முடியவில்லை. 1955இல் லோப் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். லூசில் பால் மன்னிக்கப்பட்டதற்கு அவருடைய நேர்மையான விளக்கம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. நாட்டின் முதல்நிலைத் தொடரை இழக்க நிறுவனமும் விரும்பவில்லை, புரவலரும் விரும்பவில்லை. பெரும் வருமானம் தருபவருக்கு ஒரு நீதி, சம்பளம் வாங்குபவருக்கு ஒரு நீதி. இது லூசில் பாலின் குற்றமன்று. ஆனால், அவருடைய வெற்றிக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

தலைவர் நாற்காலி

குடும்பத்தைக் காக்கத் தொடங்கிய தொழில், குடும்பத்தைக் காக்கவில்லை. 1960இல் மணமுறிவு ஏற்பட்டது. 1962இல் டெசியின் பங்குகளை மில்லியன் கணக்கான டாலர் கொடுத்து வாங்கி, டெசிலுவின் தலைவரானார் லூசில் பால். ஹாலிவுட்டில் இதற்கு முன் பெண் முதலாளிகளே இல்லை என்று சொல்வது பிழை. மேரி பிக்ஃபோர்ட் 1919லேயே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். ஆனால், தொலைக்காட்சிக் காலத்தின் ஒரு பெரிய படப்பிடிப்பு நிறுவனத்துக்கு ஒரு பெண் தலைமையேற்றது அதுவே முதன்முறை.

அவர் அந்த நாற்காலியை விரும்பி ஏற்றவரல்லர். கணக்குகளை விட நடிப்பே அவருக்குப் பிடித்திருந்தது. தலைவராக இருந்துகொண்டே 'தி லூசி ஷோ' தொடரிலும் நடித்தார். எனினும், ஒரு முக்கியமான முடிவு அவருடைய பெயரோடு நிலைத்துவிட்டது. 1960களின் நடுவில் இரண்டு புதிய தொடர்கள் அவருடைய நிறுவனத்தில் உருவாகிக்கொண்டிருந்தன. ஒன்று 'ஸ்டார் டிரெக்'. மற்றொன்று 'மிஷன் இம்பாசிபிள்'. இரண்டும் செலவு மிகுந்தவை. 'ஸ்டார் டிரெக்'கின் முதல் மாதிரிப் படத்தை என்.பி.சி. நிறுவனம் ஏற்காமல், இரண்டாவது மாதிரியை எடுக்கச் சொன்னது. இத்தொடர்கள் நிறுவனத்தை மூழ்கடித்துவிடும் என்று நிர்வாகத்தினர் பலர் எச்சரித்தபோதும், லூசில் பால் தொடர்ந்து எடுக்க ஒப்புதல் தந்தார் என்று உடன் பணியாற்றியவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். 1966 செப்டம்பரில் இரண்டும் ஒளிபரப்பாயின. அறிவியல் கற்பனைக் கதைகளில் அவர் பெரும் புலமை பெற்றிருந்தார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. தமக்குத் தெரியாத துறையில் தெரிந்தவர்களை நம்பியதே அவருடைய தலைமைப் பண்பு எனலாம். 1967இல் நிறுவனத்தை 17 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டார். அந்த இரண்டு பெயர்களும் இன்றுவரை திரைப்படங்களாகவும் தொடர்களாகவும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

முகம் மட்டுமே நினைவிலா?

அவருடைய இறுதிக் காலம் எளிதாக இருக்கவில்லை. 1974இல் வெளிவந்த 'மேம்' என்ற இசைப்படம் கடும் விமர்சனத்துக்கு ஆளானது. 1985இல் 'ஸ்டோன் பில்லோ' என்ற தொலைக்காட்சிப் படத்தில் வீடற்ற மூதாட்டியாக நடித்தார். சிரிப்பே இல்லாத வேடம். எழுபத்து மூன்று வயதுக்குமேல் அப்படியொரு சோதனையை மேற்கொள்ளத் துணிவு வேண்டும். ஆனால், 1986இல் பழைய சேட்டைகளை மீண்டும் செய்த 'லைஃப் வித் லூசி', எட்டுப் பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. நான்கு முறை எம்மி விருது பெற்றவர் அவர். ஆஸ்கார் விருதுக்கோ ஒரு முறைகூட அவருடைய பெயர் பரிந்துரைக்கப்படவில்லை. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் தமது 77ஆவது வயதில் காலமானார். அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவர் மறைந்த பிறகே வழங்கப்பட்டது.

அவர் வளர்ந்த செலரானில் 2009இல் வைக்கப்பட்ட வெண்கலச் சிலை, முகம் பயங்கரமாக இருக்கிறது என்று பெரும் கேலிக்கு உள்ளானது. 2016இல் அழகிய வேறொரு சிலை வைத்தார்கள். இங்கும் சர்ச்சை முகத்தைப் பற்றியதாகவே இருந்ததைக் கவனியுங்கள். எனக்கு அதைவிட மகிழ்ச்சி தருவது, பக்கத்திலிருக்கும் ஜேம்ஸ்டவுனில் 2018இல் திறக்கப்பட்ட தேசிய நகைச்சுவை மையம். நகைச்சுவையைப் பாதுகாக்கவும் பயிலவும் தக்க கலையாக நடத்தும் இடம் அது. லூசில் பாலுக்குச் செய்யத்தக்க மரியாதை அதுவே.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது? நம்மில் சிலர் எழுதுவோம், சிலர் நடிப்போம், சிலர் குறும்படம் எடுப்போம், சிலர் மென்பொருள் உருவாக்குவோம். முதல் ஒப்பந்தத்தைக் கையில் கொடுக்கும்போது சம்பள எண்ணைத்தான் முதலில் தேடுவோம். அது இயல்பே. ஆனால், அதே தாளில் இன்னொரு வரியும் இருக்கும். நாம் செய்யப்போகும் பொருள் யாருக்குச் சொந்தம் என்று அந்த வரி சொல்லும். எல்லாருக்கும் பேரம் பேசும் வலிமை இருக்காது. ஃபிலிப் லோப்புக்கு இருக்கவில்லை. லூசில் பாலுக்கே அது நாற்பது வயதில்தான் வந்தது. வலிமை இல்லாதபோதும் அந்த வரியைப் படித்துப் புரிந்துகொள்ளவாவது நம்மால் முடியும்.

அடுத்த முறை 'ஐ லவ் லூசி'யின் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சி ஒன்று கண்ணில் பட்டால், வயிறு குலுங்கச் சிரியுங்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் படம் ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள். வாரத்திற்கு 1000 டாலரை வேண்டாம் என்று சொன்ன இருவரின் முடிவு அந்தத் தெளிவில் இருக்கிறது.